அரசு அதிகாரியிடம் பேச லாபியிஸ்ட் பதிவு வேண்டுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் சிறிய ஊறுகாய்த் தொழில் நடத்துகிறேன். மாநிலத் துறை ஒன்று லேபிள் பற்றிக் கொண்டுவரவிருக்கும் விதி எங்களைப் பாதிக்கும் என்பதால் அதிகாரிகளிடம் பேச நினைக்கிறேன். லாபியிஸ்ட், அதாவது அரசின் முடிவுகளை மாற்றப் பணம் பெற்று அதிகாரிகளிடம் பேசுபவர், என்று பதிவு செய்யாமல் பேசுவது குற்றம் என்கிறார் ஓர் ஆலோசகர். இந்த மாதம் 4,000 டாலர் தந்தால் எனக்காகத் தானே அதிகாரிகளைச் சந்தித்துப் பேசுவதாகவும், விதி மாறினால் மேலும் 6,000 தர வேண்டும் என்றும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் தாராளமாகப் பேசலாம். சொந்த நிறுவனத்துக்காகப் பேசுபவர், ஒரு மாதத்தில் தாம் ஊதியம் பெறும் வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ அதிகாரிகளுடன் நேரடியாகப் பேசுவதில் செலவிட்டால்தான் அவரை லாபியிஸ்ட் என்று கலிஃபோர்னியச் சட்டம் கருதும். மாதம் 180 மணி நேரம் உழைப்பவருக்கு அது 60 மணி நேரம். இரண்டு சந்திப்புகளும் நான்கு தொலைபேசி அழைப்புகளும் அதன் அருகில்கூட வராது.

பதிவு செய்ய வேண்டியவர் உங்களைப் பயமுறுத்தும் அந்த ஆலோசகர்தான். பிறருக்காக அதிகாரிகளிடம் பேசுவதற்கென ஒரே மாதத்தில் 2,000 டாலரோ அதற்கு மேலோ பெறுபவர், அந்தத் தகுதிக்கு வந்த பத்து நாட்களுக்குள் சாக்ரமெண்டோவிலுள்ள மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ஆண்டுக் கட்டணம் ஆளுக்கு வெறும் 50 டாலர். அப்படிப் பதிய வேண்டியவர், விதி மாறினால் இவ்வளவு என்று முடிவைப் பொறுத்துப் பணம் பேசுவதற்கே சட்டத்தில் இடமில்லை. ஆகவே அந்த 6,000 டாலரைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள்; அதை ஏற்கவே கூடாது. அண்மையில் ஒரு கடைக்காரர் என்னிடம் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் இதே போல் முடிவைப் பொறுத்த தொகை ‘நிறைவுச் சேவைக் கட்டணம்’ என்ற பெயரில் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருந்தது; பெயரை மாற்றினாலும் பொருள் அதுதான்.

இத்தகைய தரகர்கள் சொல்லாமல் விடுவது இன்னொன்று உண்டு. அவரை அமர்த்திய நாளிலிருந்து சட்டத்தின் கண்ணில் நீங்கள் ‘லாபியிஸ்ட் வைத்திருப்பவர்’. அவருக்கு அனுமதியளிக்கும் படிவம் 602-இல் கையெழுத்திடுவதோடு, காலாண்டுக்கு ஒரு முறை நீங்களே செலவுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அபராதக் கடிதம் உங்கள் முகவரிக்கும் வரும்.

உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய விலக்கு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். துறையின் விதி உருவாக்க நடவடிக்கையில், அந்த நடவடிக்கையின் ஆவணத் தொகுப்பில் சேரும்படி நீங்கள் எழுதித் தரும் கருத்தும், பொது விசாரணையில் சாட்சியாகச் சொல்லும் சொல்லும் நேரடித் தொடர்புக் கணக்கில் சேரவே சேராது. முன்மொழிவு அறிவிப்பு வெளியானதும் பொதுமக்கள் கருத்துக்குக் குறைந்தது 45 நாட்கள் தர வேண்டும். அதற்குள் வந்த ஆட்சேபங்களுக்குத் துறை தன் இறுதி விளக்க அறிக்கையில் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். விசாரணை எதுவும் அறிவிக்கப்படாவிட்டால், கருத்துக் காலம் முடிவதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் எழுத்துமூலம் கேளுங்கள். துறை அதை நடத்தியே ஆக வேண்டும். ஒரு பாட்டிலின் லேபிளை மாற்ற உங்களுக்கு எத்தனை காசு கூடும் என்று அச்சகத்தின் விலைப்பட்டியலோடு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். அதிகாரியின் அறையில் நடக்கும் பேச்சுக்கு அப்படிப் பதில் தர வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

இவ்வளவையும் மக்களுக்குப் புரியும் மொழியில் ஒரே பக்கத்தில் போட்டுவைத்தால் பாதித் தரகர்களுக்கு வேலையிருக்காது. ஆனால் லாபியிஸ்ட் பதிவுகளைத் தேட உதவும் மாநிலச் செயலர் அலுவலகத்தின் கால்-ஆக்சஸ் (Cal-Access) இணையதளத்தையே இன்னும் சீராக்கி முடிக்கவில்லை. அதற்கு மாற்று அமைப்பு வேண்டும் என்று 2016-இல் சட்டம் இயற்றினார்கள். 2019-இல் முடிந்திருக்க வேண்டிய பணி தள்ளிக்கொண்டே போனது. பொறுமையாகத் தேடினால் பதிவு பெற்ற லாபியிஸ்டுகளின் பட்டியல் கால்-ஆக்சஸில் கிடைக்கும். ஆலோசகரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எப்போது பதியப்போகிறார் என்று எழுத்தில் கேட்டு, பதில் வரும்வரை முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.