9 மாசக் குழந்தைக்கு மூச்சு வேகமா வாங்குது – பதில்

சகோதரி, பையனுக்கு மூணு நாளா சளி, ஜுரம் குறைஞ்சும் மூச்சு வேகமா வாங்குது, பெரியவனுக்கு வாங்கின ஆன்டிபயாட்டிக் சிரப் மிச்சம் இருக்கு கொடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு கொடுக்காதீங்க, வைரஸ்னா அது கேக்கவே கேக்காது, டோஸும் வேற.

குழந்தை அழாம இருக்கறப்ப சட்டையைத் தூக்கிட்டு ஒரு முழு நிமிஷம் வயிறு ஏறி இறங்குறத எண்ணுங்க, இந்த வயசுல 50 இல்ல அதுக்கு மேல வந்தா இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும். மூச்சை இழுக்கறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுதா, பால் குடிக்க முடியாம திணறுறானா, உதடு நீலமாகுதா, எழுப்பினாலும் சரியா முழிக்கலையா, இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க. என் பொண்ணுக்கு ஜுரமே பெருசா இல்ல, அந்தக் குழியைப் பாத்துட்டுதான் தூக்கிட்டு ஓடினேன், நிமோனியான்னு சொன்னாங்க, அதனால ஜுரம் குறைஞ்சிடுச்சேன்னு இருந்துடாதீங்க.

தாய்ப்பால் குடிக்கறான்னா நிறுத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி கொடுங்க. வீட்டுக்குள்ள சிகரெட் புகை, அடுப்புப் புகை எதுவும் அவன்கிட்ட வரக்கூடாது. போறப்ப தடுப்பூசி அட்டையையும் எடுத்துட்டுப் போங்க, நிமோனியாவைத் தடுக்கப் போடற நியூமோகாக்கல், ஹிப் (Hib) தடுப்பூசி ஏதாவது விட்டுப்போயிருந்தா எப்ப போடலாம்னு அங்கயே கேட்டுடுங்க. டாக்டர் என்ன சொன்னாருன்னு எழுதுங்க.