480 வெள்ளிக்கு ஸ்பீக்கர் வயர் வாங்கலாமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த ஸ்டீரியோ செட்டைத் தூசி தட்டி மறுபடியும் போட்டிருக்கிறேன். தகர டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறது. தவில் அடி விழவே இல்லை. ஈப்போவில் ஒரு கடையில், "வயரை மாத்துங்க, எல்லாம் தெளிவாயிடும்" என்று 480 வெள்ளிக்கு ஒரு ஜோடியைக் காட்டினார்கள். செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் 5 மீட்டர். வாங்கலாமா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வாங்காதீர்கள். வீட்டு ஸ்பீக்கர் வயரில் காதுக்குத் தெரியக்கூடியது பெரும்பாலும் மின்தடை மட்டும்தான். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 5 மீட்டர் போய்த் திரும்பினால் மொத்தம் 0.07 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மெல்லிய 0.5 வயர் என்றால் 0.34 ஓம், அதை மாற்றலாம். தடிமன் போதுமான பிறகு விலை கூடுவதால் காதுக்கு எதுவும் கூடாது.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறு சந்தேகம். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் போக வேண்டிய வயர்கள் இடம் மாறியிருக்கலாம். அப்படியானால் ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். முதலில் காணாமல் போவது பேஸ், அதாவது தவில் அடி மாதிரியான கனத்த சத்தம்தான். மின்னல் எஃப்எம் செய்தி நேரத்தில் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருங்கள். வாசிப்பவர் குரல் நடுவிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லையா? செட்டை அணைத்துவிட்டு, ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றிப் போடுங்கள்.

அப்புறம் வயர் நுனி. நம் ஊர் ஈரக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். போன வருடம் என் செட்டில் ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்டது. திருகைத் தளர்த்தி இழுத்தால், இரண்டு இழை கையோடு உதிர்ந்து வந்தது. ஓர் அங்குலம் வெட்டி, பளிச்சென்று செம்பு தெரியச் சீவி இறுக்கினேன், சரியாகிவிட்டது.

வயரே பழசு என்றால், எலக்ட்ரிக் கடையில் 2.5 வயரை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வாங்குமுன் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. செம்பாகவே கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரர் போட்டுக் காட்டுகிறேன் என்றால் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் சத்தம் இம்மி கூடினாலே நமக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதனால் வால்யூமைத் தொடாமல், எந்த வயர் என்று உங்களுக்குத் தெரியாமல், 10 தடவை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். 9 தடவை சரியாகச் சொன்னால் அப்போது விலை பேசலாம்.