புது கேம், பழைய கம்ப்யூட்டர்: பணத்தை எடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். சின்ன வயதில் மாமா வீட்டில் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில் விளையாடியிருக்கிறேன். அதே மெஷினுக்கு ஆர்வலர்கள் இன்றும் புதிது புதிதாக கேம் எழுதுவதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. சவுகார்பேட்டையில் ஒருவரிடம் அந்தக் காலத்தில் இந்தியாவில் விற்ற ஸ்பெக்ட்ரம் பிளஸ் இருக்கிறது. 12,000 ரூபாய் கேட்கிறார், 2,000 அட்வான்ஸ் வேண்டுமாம். "அடாப்டர் மட்டும் இல்லை, கடைசியா போட்டப்ப நல்லா ஓடுச்சு" என்கிறார். வாங்கலாமா? அதை 128கே (128 கிலோபைட் மெமரி) ரகமாக மாற்ற முடியுமா? முதலில் எதற்குச் செலவு செய்யலாம்?

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். அடாப்டர் இல்லாதவர் கடைசியாக எப்போது போட்டுப் பார்த்தார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அது 1980களின் பிற்பகுதியில் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் லைசென்ஸ் வாங்கி இங்கே விற்ற 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' ஆகத்தான் இருக்கும். நல்ல மெஷின். 1982-ல் பிரிட்டனில் சின்கிளேர் கொண்டுவந்த 48கே ஸ்பெக்ட்ரமின் அதே வடிவமைப்புதான் உள்ளே: 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 பிராசசர், 48 கிலோபைட் ரேம். ரப்பர் சாவிக்குப் பதில் பிளாஸ்டிக் சாவி, கூடவே ஒரு ரீசெட் பட்டன். 48கே-க்கு இன்று எழுதப்படும் கேம்கள் இதில் ஓடும்.

ஆனால் மெஷினுக்கு முன்னால் கேமைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் வாங்க நினைக்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். இப்போது வரும் கேம்களில் சில 48கே-க்கு எழுதியவை. சில 128கே இல்லாவிட்டால் தொடங்கவே தொடங்காது. இன்னும் சில இரண்டிலும் ஓடும், 128-ல் மட்டும் இசை வரும். 'ஃப்யூஸ்' என்ற இலவச எமுலேட்டரை (பழைய மெஷினைப் போலவே நடிக்கும் மென்பொருளை) உங்கள் லேப்டாப்பில் போட்டு, பிடித்த கேம்களை முதலில் 48கே என்று வைத்தும் அப்புறம் 128கே என்று வைத்தும் ஓட்டிப் பாருங்கள். ஸ்பெக்ட்ரமின் ரோமை (ROM, மெஷினுக்குள் நிரந்தரமாகப் பதிந்த மென்பொருள்) எமுலேட்டரோடு சேர்த்துத் தர, அதன் உரிமையை வைத்திருந்த ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 1999-லேயே அனுமதி கொடுத்துவிட்டது, அதனால் அதில் சட்டச் சிக்கல் இல்லை. ஒரு மாதம் விளையாடியும் ஆசை குறையவில்லையா, உங்கள் பட்டியலில் பெரும்பாலும் 48கே கேம்கள்தானா, அப்போது சவுகார்பேட்டைக்குப் போகலாம். பட்டியல் முழுக்க 128கே என்றால் இந்த மெஷின் உங்களுக்கு வேண்டாம். காரணம் கீழே இருக்கிறது.

சரி, பார்க்கப் போகிறீர்கள். அடாப்டரை நீங்களே கொண்டுபோக வேண்டும். வீட்டில் கிடக்கும் வைஃபை ரூட்டர் அடாப்டரை எடுத்துப் போகாதீர்கள். அதில் பெரும்பாலும் 12 வோல்ட் வரும், நடு முள் பிளஸாக இருக்கும். ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் டிசி, நடு முள் மைனஸ். மாற்றிச் சொருகினால் அந்த நிமிடமே போர்டில் பாகங்கள் போய்விடும், அந்த நஷ்டத்தை உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். 9 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்கி, முனையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

டிவியும் ஒரு தலைவலி. இந்த மெஷின் ஆன்டெனா ஒயர் வழியாக யுஎச்எஃப் 36-ஆம் சேனலில் படம் அனுப்பும். புது டிவியில் அனலாக் டியூனர் இருந்தால் தேடிப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் படமே வராது, அதை வைத்து மெஷின் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. உறவுக்காரர் யார் வீட்டிலாவது பரணில் பழைய டப்பா டிவி இருந்தால் அதில் பார்ப்பது நல்லது.

போட்டதும் திரை ஒரு நொடி கறுத்து, பிறகு வெளுத்து, அடியில் 1982 சின்கிளேர் ரிசர்ச் என்ற காப்புரிமை வரி வர வேண்டும். கட்டம் கட்டமாகவோ கோடு கோடாகவோ குப்பை நின்றால் ரேம் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். வரி வந்துவிட்டால் இதை அடியுங்கள்: பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733. இந்த மெஷினில் பிரிண்ட், பீக் போன்ற சொற்களை எழுத்தெழுத்தாகத் தட்ட முடியாது, சாவிகளில் அச்சிட்டிருக்கும் சொல்லைத்தான் அழுத்த வேண்டும். விடை 65535 என்றால் 48கே முழுசாக இருக்கிறது. 32767 என்றால் மேல் 32கே போய்விட்டது, 16கே மட்டும் ஓடுகிறது. இந்த ஒரு வரி உங்கள் பேரத்துக்கு மிகவும் உதவும்.

அடுத்து எல்லாச் சாவியையும் ஒன்றொன்றாகத் தட்டுங்கள். ஒரு வரிசை முழுக்க வேலை செய்யாவிட்டால் சாவிகளுக்கு அடியில் இருக்கும் மெம்பிரேன் காய்ந்து விரிசல் விட்டிருக்கும். அதற்காக மெஷினை ஒதுக்க வேண்டாம். புது மெம்பிரேன் இன்றும் தயாரித்து விற்கிறார்கள். விலையில் குறைத்துக் கேளுங்கள், போதும். கடைசியாக அரை மணி நேரம் ஓடட்டும். சூடான பிறகுதான் சில சிப்புகள் தடுமாற ஆரம்பிக்கும், ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டால் அது தெரியாது.

ஓட்டிக் காட்ட மறுத்தால்? பழுதான மெஷின் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். கேட்கும் விலையில் பாதிகூடக் கொடுக்கத் தேவையில்லை. இதன் கீழ் 16கே ரேம் '4116' என்ற பழைய சிப்புகளால் ஆனது. அதற்கு 5 வோல்ட், 12 வோல்ட், மைனஸ் 5 வோல்ட் மூன்றும் வேண்டும். மைனஸ் 5 நின்றுபோனால் மற்ற மின்சாரமே சிப்புகளைச் சாகடித்துவிடும். ஒரு சிப்பு ஷார்ட் ஆனால் அந்த மின்சாரத்தைத் தயாரிக்கும் டிரான்சிஸ்டரும் கூடப் போகும். தெரியாத கையில் இந்தப் பழுது ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்ந்துகொண்டே போகும்.

வாங்கிவிட்டால் பணத்தை முதலில் மெஷினின் மின்சாரப் பகுதிக்குச் செலவிடுங்கள். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள், இந்த வயதில் அவை உலர்ந்திருக்கும். உள்ளே இருக்கும் 7805 ரெகுலேட்டர் மிகவும் சூடாகும். அதற்குப் பதில் சூடாகாத சுவிட்சிங் ரெகுலேட்டர் போட்டால் நம் ஊர் மே மாதத்திலும் நிம்மதியாக விளையாடலாம். இவற்றையெல்லாம் ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். 4116 சிப்பு அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். அதற்குப் பதிலாகப் பொருத்த 5 வோல்ட் மட்டும் போதும் என்கிற புது ரேம் போர்டுகள் இருக்கின்றன, அது இன்னும் நல்ல வழி.

அப்புறம் வீடியோ. ஆன்டெனா ஒயருக்குப் படம் அனுப்பும் ஆர்எஃப் டப்பாவுக்குள் ஒரு சின்ன வேலை செய்து காம்போசிட் வீடியோவை வெளியே எடுக்கலாம். எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். டிவியின் ஏவி சாக்கெட்டில் நேரே சொருகிவிடலாம்.

கேம் ஏற்ற முதலில் எதுவுமே வாங்க வேண்டாம். கேமின் டேப் ஃபைலை ஆடியோவாக மாற்றி, போனின் ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து மெஷினின் 'இயர்' சாக்கெட்டுக்கு ஒயர் கொடுத்து, சத்தத்தை முழுசாக வைத்து ஓட்டுங்கள். திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும், பிறகு நீலமும் மஞ்சளுமாகக் கோடு ஓடினால் ஏறுகிறது என்று அர்த்தம். முழு 48கே கேமுக்கு நாலைந்து நிமிடம் ஆகும். போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள், நடுவில் ஒரு மெசேஜ் சத்தம் வந்தாலும் திரும்ப முதலிலிருந்துதான். இந்தக் காத்திருப்பு சலித்த பிறகு எஸ்டி கார்டு போடும் 'டிவ்எம்எம்சி' இன்டர்ஃபேஸ் வாங்கலாம். நொடியில் கேம் வரும். 'கெம்ப்ஸ்டன்' ரக ஜாய்ஸ்டிக் சாக்கெட் சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள், இந்த மெஷினில் ஜாய்ஸ்டிக் சாக்கெட்டே கிடையாது.

மெஷின் ஆனில் இருக்கும்போது பின்பக்க எட்ஜ் கனெக்டரில் (இன்டர்ஃபேஸ் சொருகும் போர்டின் ஓரத்தில்) எதையும் சொருகவோ பிடுங்கவோ கூடாது. அந்த வரிசையிலேயே 12 வோல்ட்டும் வருகிறது. கொஞ்சம் சாய்ந்து தொட்டாலும் பிராசசரோ ரேமோ போகலாம். உங்கள் பக்கம் கடல் காற்று வேறு. அந்த உலோக விரல்கள் கறுத்துப் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டுப் பிறகு சொருகுங்கள்.

இப்போது 128கே. டிவ்எம்எம்சி வாங்கினால் மெமரி கூடிவிடும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு, நம்பாதீர்கள். அந்த அட்டையில் இருக்கும் மெமரி, எஸ்டி கார்டைப் படிக்கிற மென்பொருளுக்கானது, 128கே கேமுக்குப் பயன்படாது. 128-க்கு ரேமைத் துண்டு துண்டாக மாற்றிக் காட்டும் சுற்று வேண்டும், 32கே ரோம் வேண்டும், ஏஒய் சவுண்ட் சிப்பு வேண்டும். இவற்றையெல்லாம் உங்கள் மெஷினில் திணிப்பதைவிட 128-ஆகவே பிறந்த ஒன்றை வாங்குவதுதான் நல்லது. 1986-ல் ஆம்ஸ்ட்ராட் சின்கிளேரின் கம்ப்யூட்டர் வியாபாரத்தை வாங்கிய பிறகு வந்த சாம்பல் நிற 'பிளஸ் 2' நல்ல தேர்வு. அதில் ஒரு விஷயம்: அதன் சத்தம் டிவி வழியாகத்தான் வரும். பிரிட்டன் டிவி முறைக்கும் நம் முறைக்கும் ஒலி அலைவரிசை வேறு என்பதால் ஆர்எஃப் ஒயரில் படம் வந்தாலும் சத்தம் வராமல் போகலாம். அதில் இருக்கும் தனி சவுண்ட் சாக்கெட்டிலிருந்து ஸ்பீக்கருக்கு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரம்பூர். எங்கள் பள்ளி ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது ஒரு பிபிசி மைக்ரோவை எனக்கே கொடுத்துவிட்டார்கள். பேரன் அதில் கேம் விளையாட வேண்டும் என்கிறான். பிளக்கில் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து இப்போதைக்குப் போடாதீர்கள், அம்மா. 1984-ல் பள்ளிகளில் தொடங்கிய 'கிளாஸ்' கம்ப்யூட்டர் திட்டத்துக்கு வந்த மெஷினாக இருக்கலாம். பத்திரமாக வைத்திருக்க வேண்டிய பொருள். இதன் பவர் சப்ளையில் மெயின்ஸ் பக்கம் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வயதானால் மேலோடு விரிசல் விட்டு ஈரத்தை இழுக்கும். கரண்ட் கொடுத்ததும் வெடித்து, வீடு முழுக்கப் புகை நாறும். 230 வோல்ட் ஓடும் இடம் என்பதால் பேரனைத் திறக்க விடாதீர்கள். டிவி மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, எக்ஸ்2 ரகக் கெப்பாசிட்டர் மாற்றிய பிறகு போடுங்கள். ஸ்பெக்ட்ரம் கேம்கள் இதில் ஓடாது, இதற்கென்று எழுதியவை வேண்டும். அப்படியும் புதிது புதிதாக எழுதுகிறார்கள். ஃபிளாப்பி தேட வேண்டாம், யூசர் போர்ட்டில் சொருகும் எஸ்டி கார்டு இன்டர்ஃபேஸ் இருக்கிறது.

கேள்வி: வியாசர்பாடி. 90களில் பர்மா பஜாரில் வாங்கிய கீபோர்டு வைத்த கேம் கம்ப்யூட்டர் இருக்கிறது. "வின்டேஜ் கம்ப்யூட்டர்" என்று 8,000-க்கு விற்கலாம் என்கிறான் நண்பன். இல்லை, நானே புது கேம் போட்டு விளையாடலாமா?

பதில்: நீங்களே விளையாடுங்கள். அது பெரும்பாலும் நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்தான், கீபோர்டு ஒட்டிய வீடியோ கேம். ஹோம் கம்ப்யூட்டர் என்று சொல்லி விற்பது நியாயமில்லை. கார்ட்ரிட்ஜில் 60 பின் இருந்தால், 60 பின் ஃபேமிகாம் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் (கேம் ஃபைல்களை ஏற்றிக்கொள்ளும் கார்ட்ரிட்ஜ்) வாங்கி அதில் புது ஹோம்புரூ கேம்களை, அதாவது ஆர்வலர்களே எழுதியவற்றை, போடலாம். பல கேம்கள் 60 ஹெர்ட்ஸுக்கு எழுதப்பட்டவை, உங்கள் மெஷின் 50 ஹெர்ட்ஸ் ரகமாக இருந்தால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். கேமில் சுடுவதற்கான துப்பாக்கி மட்டும் எல்இடி டிவியில் வேலை செய்யாது, அதற்குப் பழைய டப்பா டிவிதான் வேண்டும்.

கேள்வி: ராயபுரம். லண்டனிலிருந்து ஒருவர் பழைய கமடோர் 64-ஐ பார்சலில் அனுப்புகிறேன் என்கிறார். இங்கே இன்னொருவர் ஆன்லைனில் விற்கிறார், கியூஆர் அனுப்பி "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, டோக்கன் ரீஃபண்ட் வரும்" என்கிறார். யாரிடம் வாங்குவது?

பதில்: இரண்டாமவரை உடனே பிளாக் செய்யுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். ஏற்கனவே போயிருந்தால் இந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டம்.

லண்டன் பார்சலும் வேண்டாம். பயன்படுத்திய கம்ப்யூட்டர்களை இறக்குமதி செய்ய நம் வர்த்தகக் கொள்கையில் அனுமதி வாங்க வேண்டும். கஸ்டம்ஸில் நின்றுவிட்டால் வரி கட்டி எடுத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். உள்ளூரில் கமடோர் கிடைத்தால் அதன் பழைய பவர் சப்ளையைப் பயன்படுத்தவே கூடாது. அதன் 5 வோல்ட் ரெகுலேட்டர் கெட்டால் வோல்டேஜ் எகிறி ரேமைக் கொன்றுவிடும்.

கடையிலோ இணைய விற்பனைத் தளத்திலோ வாங்கினால் பில் கேளுங்கள், 'ஓடும் நிலையில்' என்று அதில் எழுதி வாங்குங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி. தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பார்க் டவுனில் இருக்கும் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. தன் வீட்டுப் பொருளை ஒரு தடவை விற்கும் தனிநபர்மேல் இந்த வழி எளிதில் செல்லாது. அப்படிப்பட்டவரிடம் நேரில் போய், ஓட்டிப் பார்த்து, அங்கேயே பணம் கொடுத்து எடுத்து வாருங்கள்.