ரேடியேட்டர் ஒழுகுகிறது, இன்ஜின் கொதிக்கிறது: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: என்னிடம் 1960களில் தயாரான நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. நெரிசலில் சிறிது நேரம் நின்றாலே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. வண்டியை நிறுத்தியபின் முன்பக்கம் தண்ணீர் சொட்டுகிறது. ஒழுகலை அடைக்கும் கலவை ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டை மெக்கானிக் கழற்றிவிட்டார். பலன் இல்லை. இப்போது அதிக அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி போடச் சொல்கிறார். போடலாமா, இல்லை அலுமினிய ரேடியேட்டருக்கே மாறிவிடலாமா?

பதில்: அதிக அழுத்த மூடி வேண்டவே வேண்டாம். மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம்.

ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தத்துக்குச் சுமார் 1.5 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றுக்கு 4 அல்லது 7 பிஎஸ்ஐ மூடிதான். 7 பிஎஸ்ஐ மூடி ஒழுங்காகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 110 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். அங்கே 15 பிஎஸ்ஐ மூடி போட்டால் இன்ஜினில் உண்டாகும் சூடு ஒரு துளிகூடக் குறையாது, கொதிப்பது மட்டும் தள்ளிப்போகும். அதற்குள் ஈயப் பற்று வைத்த பழைய இணைப்புகள் விட்டுக்கொடுக்கும். உள்ளே உட்காருபவர்களுக்குச் சூடு தரும் ஹீட்டர் இருக்கிற வண்டியானால் அதன் குழாய் வெடித்து வெந்நீர் காலில் கொட்டவும் வாய்ப்புண்டு. பழைய மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதே அளவு அழுத்தம் உள்ள புதிய மூடி போடுங்கள், போதும்.

அடுத்தது, சொட்டுவது உண்மையிலேயே ஒழுகல்தானா? உங்கள் வண்டியில் தனியாக ரிசர்வ் டப்பா இல்லை, ரேடியேட்டர் கழுத்திலிருந்து ஒரு சின்னக் குழாய் மட்டும் தரையை நோக்கித் தொங்குகிறது என்றால், தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பக் கூடாது. சூடாகும்போது தண்ணீர் விரியும், இடம் இல்லாததால் அந்தக் குழாய் வழியே வெளியே தள்ளும். உரிமையாளர் மறுநாள் மீண்டும் கழுத்துவரை ஊற்றுவார், அது மீண்டும் தள்ளும். இல்லாத ஒழுகலுக்காக ரேடியேட்டரையே கழற்றி வேலை பார்த்தவர்கள் உண்டு. இன்ஜின் ஆறியிருக்கும்போது கழுத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே நிற்கிறதா, அதற்குமேல் குறையாமல் இருக்கிறதா என்று சில நாள் கவனியுங்கள்.

குறைந்துகொண்டே போனால் ஒழுகல்தான். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, மூடியின் இடத்தில் கைப் பம்புடன் கூடிய பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் டார்ச் அடித்துத் தேடுங்கள்: ரேடியேட்டரின் மேல், கீழ்த் தொட்டிகள் சேரும் ஓரங்கள், ஹோஸ் கிளாம்ப்கள், தண்ணீர் திறந்துவிடும் திருகு, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை, பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாகத் தெரியும் தகட்டு அடைப்பான்கள். பம்பின் துளையில் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது, பம்பைக் கழற்றியே ஆக வேண்டும். காய்ந்த ஒழுகல் வெள்ளையாகவோ பச்சையாகவோ துருநிறத்திலோ தடம் விட்டிருக்கும். ஹீட்டர் ஒழுகினால் முன்சீட்டுக்கு எதிரே தரைவிரிப்பு ஈரமாகும்.

வெளியே எங்கும் ஈரம் இல்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டைச் சந்தேகியுங்கள். ஆறிய இன்ஜினை மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்தவுடனேயே ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது, ஆயில் பாலேடுபோல வெளுத்திருப்பது, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காதது, இவையெல்லாம் அதன் அறிகுறிகள். அப்படியானால் ரேடியேட்டர் வேலையை நிறுத்திவிட்டு, சிலிண்டர்களில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள்.

ஒழுகலை அடைத்தாலே சூடு நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எப்போது சூடேறுகிறது என்பதுதான் முக்கியமான துப்பு. நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்று பொருள்: உள்ளே அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், அல்லது பம்ப் உறிஞ்சும்போது சப்பிப்போகும் கீழ் ஹோஸ். நெரிசலில் மட்டும் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்று போதவில்லை. நீங்கள் சொல்வது இரண்டாவது வகை.

ஆகவே ஃபேனிலிருந்து தொடங்குங்கள். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் போனால் வழுக்கும். ஃபேனைச் சுற்றியிருந்த தகட்டுக் கூடு இருக்கிறதா? எப்போதோ யாரோ கழற்றிவைத்து மறந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். பின்னாளில் மின்சார ஃபேன் மாட்டியிருந்தால், ஒயர் மாறி எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று ஒரு காகிதத்தை முன்னால் பிடித்துப் பாருங்கள். அப்புறம், இடுக்குகளில் சிக்கிய பூச்சியையும் மண்ணையும் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த வேகத் தண்ணீரில் கழுவுங்கள். இக்னிஷன் டைமிங்கையும், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தையும், ஒருமுறை பாருங்கள். அது பின்தங்கியிருந்தால் எரிதல் தாமதமாகி, உழைப்பாக மாற வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் வழியிலும் தண்ணீரிலும் போய்ச் சேரும்.

மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அந்தக் காலத்து மின்சார மீட்டர்கள் பலவற்றில் டெம்பரேச்சர், பெட்ரோல் இரண்டுக்கும் மின்னழுத்தத்தைச் சீராக வைப்பது ஒரே ஸ்டெபிலைசர்தான். அது பழுதானால் இரண்டு முள்ளும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். சில இன்ஜின்களில் அது திறக்கும்போது பைபாஸ் வழியையும் அடைக்கும். அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றும். பழையதைச் சோதிப்பது எளிது. பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். மேலே 82 என்று பொறித்திருந்தால் 82 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், ஆறியதும் மூட வேண்டும்.

ஊற்றிய அடைப்புக் கலவைதான் எனக்குக் கவலை. வழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர உதவும், சரி. ஆனால் ஏற்கெனவே பாதி அடைத்த மெல்லிய குழாய்களில் அதுவும் போய்ப் படியும். ரேடியேட்டரைக் கழற்றி, கீழ் வாயிலிருந்து மேல்நோக்கித் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வடிகால் திருகையும் திறந்துவிடுங்கள். திறந்தும் தண்ணீர் வராவிட்டால் உள்ளே துருச் சேறு கெட்டிப்பட்டிருக்கிறது, கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். பலர் ரேடியேட்டரைப் பளபளவென்று ஆக்கிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் பின் சிலிண்டரைச் சுற்றித்தான் சேறு அதிகம் தேங்கும்.

செம்பு, பித்தளை ரேடியேட்டரின் பெரிய வசதி, அதைப் பழுதுபார்க்க முடியும் என்பது. ஓர இணைப்பில் ஒழுகினால் சுரண்டிச் சுத்தம் செய்து ஈயப் பற்று வைக்கலாம். பழக்கமில்லாத கையில் வேண்டாம்: சூடு கொஞ்சம் கூடினால் பக்கத்து இணைப்பும் இளகிவிடும். எபாக்ஸி பூசியிருந்தால் அதை முழுக்க எடுக்காமல் ஈயம் ஒட்டாது. குழாய்களே அரித்திருந்தால், பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

நிரப்பும்போது காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. கூலன்ட் கூடினால் குளிர்ச்சி கூடும் என்று நினைக்காதீர்கள். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி, கூலன்ட் இருப்பது துரு பிடிக்காமலும் உறையாமலும் காக்க. ஈயப் பற்றுள்ள பழைய ரேடியேட்டருக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருப்பதை வாங்குங்கள், நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வண்டியின் மூக்கைச் சற்று உயர்த்தி, ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து நிரப்பினால் காற்று தங்காது. வடித்த பழைய கூலன்ட் இனிக்கும், நாய் பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து. மூடிய கேனில் வையுங்கள்.

கடைசியாக அலுமினியம். எடை குறைவு, நன்றாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் வண்டி புதிதாக வந்தபோது இருந்த ரேடியேட்டர் அந்த இன்ஜினுக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. இன்ஜினின் சக்தியைக் கூட்டியிருந்தால் தவிர, காற்றுவழியையும் பிளாக்கையும் சரிசெய்யாமல் ரேடியேட்டரை மட்டும் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படியும் மாற்றினால் பழைய பித்தளை ரேடியேட்டரைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.