ஹூலா விழா டிக்கெட்டை இடைத்தரகரிடம் வாங்கலாமா?

கேள்வி: சியாட்டிலில் வேலை பார்க்கிறேன். மதுரையிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு ஹவாயில் ஹிலோ நகரில் நடக்கும் மெர்ரி மோனார்க் விழாவை, அதாவது ஹவாயின் பாரம்பரிய நடனமான ஹூலாவின் போட்டி விழாவை, காட்ட ஆசை. 2026-இல் அது ஏப்ரல் 5 முதல் 11 வரை நடந்தது. அதைப் பார்த்து 2027-க்கும் ஏப்ரல் 5 முதல் ஒரு வாரத்துக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டேன். ஓர் இணையதளத்தில் மூன்று போட்டி இரவுகளுக்கும் சேர்த்து (ஏப்ரல் 8, 9, 10) ஆளுக்கு 400 டாலர் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அதைவிட அவசரம், விமான டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று இன்றைக்கே கேளுங்கள்.

இந்த விழா ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கி அடுத்த சனிக்கிழமை முடிவது வழக்கம். ஈஸ்டர் ஒரே தேதியில் நிற்பதில்லை. 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20. 2027-இல் மார்ச் 28. அந்தக் கணக்கில் போட்டி இரவுகள் ஏப்ரல் 1, 2, 3 என்று வரும். நீங்கள் ஹிலோவில் இறங்கும்போது கோப்பையைக் கொடுத்து முடித்து, எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள். விழாவின் அதிகாரபூர்வத் தளத்திலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் 400 டாலர் கேட்கிறவர் ஏப்ரல் 8, 9, 10 என்று போட்டிருக்கிறார் அல்லவா? அவரும் நீங்கள் போட்ட அதே தப்புக் கணக்கைப் போட்டிருக்கிறார். கையில் டிக்கெட் இருக்கிறவருக்குத் தேதி தெரியாமலா போகும்? இல்லாததை விற்கிறார், ஆள் சிக்கிய பிறகு தேடிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். ‘விழாப் பேக்கேஜ்’ என்று ஓட்டல் அறையோடு சேர்த்து விற்பவர்களிடமும் கவனம் தேவை. பொடி எழுத்தில் ‘டிக்கெட் கிடைத்தால்’ என்று ஒரு வரி இருக்கும். கிடைக்காவிட்டால் அறை உங்களுக்கு, லாபம் அவர்களுக்கு.

லுவாவ் விருந்துக் காட்சிகளை ‘அசல் ஹூலா’ என்று தள்ளிவிடுகிறவர்கள் தனி ரகம். அங்கே கைதட்டல் வாங்கும் தீக்கத்தி ஆட்டம் சமோவாவுடையது. இடுப்பை வேகமாக ஆட்டும் நடனம் தாஹிட்டியுடையது. பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் ஹூலா அது இல்லை. ஹொனலூலு நகரின் வைக்கீக்கிக் கடற்கரைப் பகுதியில் மேசை போட்டு டிக்கெட் விற்கும் ஒருவர் பாதி விலைக்கு லுவாவ் டிக்கெட் தருகிறேன் என்றார். நம்பிப் போனேன். முதலில் ஓர் அறையில் உட்காரவைத்து, ஒரு விடுதியில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை (டைம்ஷேர்) என் தலையில் கட்டப் பார்த்தார்கள். எழுந்து வருவதற்குள் காலைப்பொழுது போய்விட்டது.

அப்படியானால் நேர்வழி எது? வெகுகாலமாக நடைமுறை இதுதான்: முந்தைய டிசம்பரில் விண்ணப்பத்தை நிரப்பி, வங்கிக் காசோலையோ மணி ஆர்டரோ இணைத்து, தபாலில் அனுப்ப வேண்டும் (இந்த முறையும் அப்படியேதானா என்று விழாவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்). தபால் முத்திரையின் தேதியைப் பார்ப்பார்கள். ஆளுக்கு இரண்டு டிக்கெட்தான். நீங்கள் மூன்று பேர், அதையும் யோசியுங்கள். போனில் காய்கறி வாங்கும் காலத்தில் மணி ஆர்டருக்கு வரிசையில் நிற்கச் சொன்னால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? எனக்கும் வரும். அரங்கமும் சின்னது. இருக்கைகளில் பெரும்பங்கு ஆடவரும் ஹாலாவ்களின், அதாவது ஹூலா பள்ளிகளின், குடும்பங்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் போய்விடும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. வாங்கியவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் தன் டிக்கெட்டைக் கைமாற்றினால் வாங்கலாம். ஆனால் அவர் உங்களுக்குத் தெரிந்தவராகவோ, தெரிந்தவருக்குத் தெரிந்தவராகவோ இருக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு டாலர் கேட்டாலும் விலகிவிடுங்கள். வாட்ஸப்பில் வந்த போட்டோவை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள். ஒரே போட்டோவைப் பத்துப் பேருக்கு அனுப்பலாம். டிக்கெட்டைக் கையில் வாங்கி, எந்த இரவு, எந்த இருக்கை என்று பார்த்து, அப்புறம் பணம் கொடுங்கள்.

இரவைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், மூன்றும் ஒன்றல்ல. வியாழனன்று தனி நடனப் போட்டி. வெள்ளிக்கிழமை பழைய பாணி, கஹிகோ: சுரைக்குடுக்கையும் மத்தளமும் ஓதலும்தான், கிட்டார் கிடையாது. சனிக்கிழமை புதுப் பாணி, ஆவானா: உகுலேலே என்ற குட்டி கிட்டாரும் பெரிய கிட்டாரும் பாட்டும். ஒரே இரவுதான் கிடைக்கும் என்றால் நான் வெள்ளியைச் சொல்வேன். மிஷனரிகளின் செல்வாக்கில் பொது இடத்தில் ஆடத் தடை விழுந்த கலை இது. அதை அரசவைக்குத் திரும்பக் கொண்டுவந்தவர் ஹவாய் மன்னர் கலாகாவுவா (ஆட்சி 1874–1891). விழாவின் பெயரே அவருடைய பட்டப்பெயர்தான்: மெர்ரி மோனார்க், குதூகல மன்னர்.

தேதியை மாற்றிவிட்டீர்கள், டிக்கெட் மட்டும் கிடைக்கவில்லை என்றாலும் போங்கள். புதன் இரவு அதே அரங்கில் போட்டியில்லாத நிகழ்ச்சி உண்டு, வழக்கமாக இலவசம். சீக்கிரம் போய் வரிசையில் நில்லுங்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள்; ஹிலோ மழைக்குப் பேர்போன ஊர். சனி காலை ஊர்வலத்துக்கும் டிக்கெட் வேண்டாம். போட்டியைத் தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்க்கலாம்.

தேதியை மாற்றவே முடியாது என்றால் ஹிலோவை விட்டுவிட்டு ஹொனலூலுவில் இறங்குங்கள். கலாகாவுவா கட்டிய இயோலானி அரண்மனை வளாகத்தில் வெள்ளிக்கிழமை நண்பகலில் ராயல் ஹவாயன் பேண்டு இலவசமாக வாசிப்பது வழக்கம். 1836-இல் தொடங்கிய குழு அது. சாயங்காலம் வைக்கீக்கியில் ஹலேகுலானி ஓட்டலின் கடலோரத் திறந்தவெளிக்குப் போங்கள். மடியில் படுக்கவைத்து இரும்பால் தேய்த்து வாசிப்பார்களே, நம் ஊரில் ‘ஹவாயன் கிட்டார்’ என்போமே, அதை அங்கே கேட்கலாம். ஆளுக்கு ஒரு ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.