இளமையில் செய்த தவறுகளில் இன்று நினைத்தாலும் உங்களைக் கூச வைப்பது எது?

ஒரு சொல்லுக்குத் தவறாகப் பொருள் சொன்னதுதான். அதையும் ஒலிபெருக்கியில் சொன்னேன்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, மாவட்ட அளவிலான பேச்சுப்போட்டி ஒன்றில் ஒருமைப்பாடு பற்றிப் பேசினேன். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று தொடங்கி, "எல்லாம் நம் ஊரே, இதை எல்லோரும் கேளுங்கள் என்கிறார் கணியன் பூங்குன்றனார்" என்று உரை சொல்லி, வலக்கையை உயர்த்தியபடி நிறுத்தினேன். கைதட்டல் வந்தது. நடுவர்களில் ஒருவரான தமிழாசிரியை மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்க, அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு, முடிப்பதற்குள் இன்னும் இருமுறை "கேளுங்கள்" என்று முழங்கினேன்.

போட்டி முடிந்ததும் அவர் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, "தம்பி, குறுந்தொகையில் நாற்பதாம் பாட்டு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாமலா? நண்பர்களின் காதல் கடிதங்களில் அதை எழுதிக் கொடுத்தே பல நாள் தேநீர் குடித்தவன் நான். 'யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்' என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"இதில் கேளிர் என்றால்?"

"உறவினர்" என்று சொல்லி வாயை மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

கேள் என்றால் உறவு, நட்பு. கேண்மை என்ற சொல்லும் அந்தக் குடும்பத்ததுதான். இது தெரியாமல் உளறியிருந்தால் அறியாமை என்று எப்போதோ மறந்திருப்பேன். தெரிந்த சொல்லையே, மேடையில் ஓசைக்கு வசதியாக இருந்ததால், ஒரு நொடியும் யோசிக்காமல் வேறொன்றாக்கினேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. புறநானூற்றின் அந்த 192-ஆம் பாடல் மொத்தமே 13 அடிகள். அதில் எனக்குத் தெரிந்திருந்தவை முதல் இரண்டு மட்டுமே. 'சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்று அது முடிவதை அன்றிரவு நூலகப் பிரதியில் படித்தபோது, அந்த ஆசிரியை ஏன் என்னை மேடையிலேயே திருத்தவில்லை என்பது புரிந்தது போலிருந்தது.

எனக்கு மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அம்மா, கேளிர் யார் வந்தாலும் இன்றும் அதைக் கழற்றிக் கையில் கொடுத்துக் காட்டுகிறார்.