ஐரிஷ் பெண் பெயர்கள்: கேள்வி பதில்

அயர்லாந்தின் கோல்வேக்கு வந்ததிலிருந்து ஐரிஷ் மொழி படித்து வருகிறேன். அயர்லாந்துப் பெண் பெயர்கள் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கே: என், ஐ, ஏ, எம், எச் என்று எழுதுகிறார்களே, அந்தப் பெயரை எப்படிச் சொல்வது?

ப: நீவ். ஐரிஷில் எம்முக்கும் பி-க்கும் பின்னால் எச் வந்தால் பெரும்பாலும் வகர ஒலிதான். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பழைய ஐரிஷ் அச்சில் அந்த எச் கிடையாது. மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். நம் புள்ளி உயிரை எடுக்கும், அவர்கள் புள்ளி மெய்யை மெலிதாக்கும்.

நீவ் என்றால் ஒளி. ஐரிஷ் புராணக் கதையில் பொற்கூந்தல் நீவ் வெள்ளைக் குதிரையில் கடல் தாண்டி வந்து, ஓஷீன் என்ற வீரனை இளமை மாறாத நாட்டுக்கு அழைத்துப் போகிறாள். அங்கே அவன் மூன்று வருடம் என்று நினைத்தது இங்கே 300 வருடம். ஊர் ஞாபகம் வந்து திரும்பியவன் குதிரையிலிருந்து விழுகிறான், தரை தொட்ட கணத்தில் கிழவனாகிறான். ஓஷீன் என்றால் குட்டி மான். அவன் அம்மா ஸைவை ஒரு மந்திரவாதி மானாக மாற்றியிருந்தான். அவள் பெயருக்கு இனிமை என்று பொருள். ஒரு பெயருக்குள் போனால் இப்படி ஒரு குடும்பமே கிடைக்கிறது. அதனால்தான் எனக்கு இவற்றின் மேல் இத்தனை பிரியம்.

கே: சீர்ஷா என்ற பழங்காலப் பெயரை மகளுக்கு வைக்கலாமா?

ப: தாராளமாக வைக்கலாம், ஆனால் பழங்காலப் பெயர் இல்லை. சுதந்திரம் என்று பொருள்படும் இந்தச் சொல் 20ஆம் நூற்றாண்டில், விடுதலைப் போராட்டத்தை ஒட்டிப் பெயராகியது. ஊருக்கு ஊர் சீர்ஷா, ஸேர்ஷா என்று மாறும். நடிகை ரோனன் தன் பெயரைச் சர்ஷா என்கிறார். இணையத்துப் பெயர்ப் பட்டியல்களில் ‘பாரம்பரியம்’ என்று போட்டிருந்தால் அப்படியே நம்பாதீர்கள்.

கே: ஷிவான் எப்படி எழுத்தில் பி-எச் ஆனது?

ப: முதல் பதிலில் சொன்ன விதிதான். பிரெஞ்சு பேசிய படையெடுப்பாளர்களான நார்மன்கள் கொண்டு வந்த பிரெஞ்சுப் பெயரின் ஐரிஷ் உருவம் அது. ஆங்கிலத்தில் ஜோன்.

கே: கொலீன்?

ப: ‘பெண்பிள்ளை’ என்ற பொதுச்சொல். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெயராக வைக்கிறார்கள். அயர்லாந்தில் அந்த வழக்கம் குறைவு.

கே: அயர்லாந்தில் ஷீலா என்று பெயர் இருக்கிறதே, நம்மிடமிருந்து போனதுதானே?

ப: இல்லை. அவர்கள் ஷீலா லத்தீன் செசிலியாவின் ஐரிஷ் வடிவம். நம் ஷீலா ‘சீலம்’ என்ற நன்னடத்தைச் சொல்லிலிருந்து வந்தவள். ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

கே: ஐரிஷும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பம்தானே? அப்புறம் எப்படித் தற்செயல் என்கிறீர்கள்?

ப: குடும்பம் ஒன்றுதான். அதற்காக ஒத்து ஒலிக்கும் எல்லாச் சொல்லும் சொந்தமாகிவிடாது. உண்மையான உறவு வேண்டுமா, ப்ரிஜிட்டைப் பாருங்கள். கவிதை, மருத்துவம், கொல்லுவேலை மூன்றுக்கும் தெய்வமாக இருந்தவள். அப்புறம் அதே பெயரில் கில்டேர் என்ற ஊரின் புனிதை. அந்தப் பெயருக்கு ‘உயர்ந்தவள்’ என்று பொருள். அதே வேரிலிருந்துதான் சமஸ்கிருதத்தின் ‘பிருஹத்’ வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் பிரகதீஸ்வரர் என்ற பெயரில் இருப்பதும் அந்தப் ‘பிருஹத்’ தான். ஒலியில் அவ்வளவாக ஒட்டாத இந்த இரண்டு பெயர்களும் ரத்த சொந்தம். அப்படியே ஒலிக்கும் ஷீலாக்கள் அந்நியர்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கே: அப்போ தாராவும் நம்மதுதானே?

ப: இல்லை. அது மீத் கவுண்டியில் அரசர்கள் முடிசூடிய குன்றின் பெயர். நம் தாரா நட்சத்திரம்.

கே: ஷீலா பற்றி மறுபடியும்...

ப: மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன். தயவுசெய்து படியுங்கள்.

கே: மேரிக்கு இரண்டு ஐரிஷ் வடிவம் ஏன்?

ப: மரியன்னைக்கு மட்டும் ‘முய்ரா’ என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மற்ற பெண்களெல்லாம் ‘மாய்ரா’. அந்தப் பெயரைப் புழக்கத்தில் தேயவிடக் கூடாது என்ற மரியாதை.

கே: எங்களுக்கு அயர்லாந்தின் கார்க்கில் பிப்ரவரி தொடக்கத்தில் பெண் குழந்தை பிறக்கும் என்கிறார்கள். ஒரு பெயர் சொல்லுங்கள். மதுரையில் இருக்கும் அப்பத்தா வாயிலும் நுழைய வேண்டும்.

ப: பிப்ரவரி 1 புனித ப்ரிஜிட் நாள், 2023 முதல் அதற்காகப் பொது விடுமுறையும் உண்டு. நாணலை மடித்துச் சிலுவை பின்னி வாசலுக்கு மேலே மாட்டுவார்கள். நாள் பொருத்தம் பார்த்தால் ‘ப்ரீட்’, ப்ரிஜிட்டின் ஐரிஷ் வடிவம். அப்பத்தாவுக்கு எளிது ‘நீவ்’ அல்லது ‘ரோஷீன்’, குட்டி ரோஜா.

ரோஷீன் என்றால் ஒன்று மறக்காதீர்கள். உயிரெழுத்தின் மேல் போடும் சாய்கோட்டுக்கு ஃபாடா என்று பெயர், நம் நெடில் மாதிரி. இந்தப் பெயரில் இரண்டு உண்டு. முதல் கோட்டை விட்டால் ரோஜா போய் ‘பிசின்’ ஆகிவிடும். பக்கத்து வீட்டு ரோஷீனுக்கு ஆறு வயது. நோட்டு அட்டையில் எல்லா எழுத்தையும் முடித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு கடைசியாக அந்த இரண்டு கோடுகளையும் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போடுவாள். பிறப்புப் பதிவு செய்யும்போது இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.